ஒரே பெயரில் இரண்டு மஞ்சள் உறை

ஐப்பசி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. முற்றத்தில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு எல்லாம் நனைந்தது. எடுத்துப் போடச் சொல்லியிருந்தேன், லேகா மறந்துவிட்டாளாம். மருமகளுக்கு மறதி நல்ல சௌகரியம்.

முன்னறையில் அவளுடைய கம்ப்யூட்டர் கடை. ஊராருக்கு விண்ணப்பம் அடிப்பது, படம் அச்சடிப்பது. வீணான தாளின் பின்பக்கம் எனக்கு. அதில்தான் இது.

காலையில் பொ.வுக்குப் பால்கஞ்சி, கரண்டியில் ஊட்டல். எனக்கு நேற்றைய சோறு பிழிந்தது.

(பொன்னம்மை என்று முழுதாக எழுத மை வீண். என் வீட்டுக்காரரின் தங்கை. கட்டிப்போன இடத்தில் புருஷன் செத்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தவள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். இவள் போகிறபாடில்லை.)

இப்போது பின்னறைக் கட்டிலில் கிடக்கிறாள். கண் பாதி போயிற்று. ஓர்மையும் வருகிறது, போகிறது. எனக்கு ஓர்மை போகவே இல்லை. நான் கல்யாணம் கழிந்து இந்த வாசலில் கால் வைத்தபோது இவள் என் நிறத்தைப் பார்த்துச் சொன்னது: "அண்ணன் இருட்டையில்லா கெட்டிக் கொண்டாந்திருக்கான். இனி வெளக்கு வச்சுத்தான் தேடணும்." சிரித்தவர்கள் பெயரும் தெரியும். பாதிப்பேர் செத்தாயிற்று.

சாயங்காலம் வழக்கம்போல் லேகா அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளி முன்னறைக்குக் கொண்டுவந்தாள். பொ.வின் செத்த மகனுடைய படங்களைக் கம்ப்யூட்டரில் காட்ட. தினமும் இதே கூத்து. வட்டக்கோட்டைச் சுவரில் நிற்கிறான். சைக்கிளோடு நிற்கிறான். கோயில் கொடையில் வேட்டியோடு நிற்கிறான். அவள் திரையைத் தடவுகிறாள். பிறகு லேகா திரையைத் துடைக்கிறாள்.

வீட்டுக்குள் வெள்ளம் ஏறின வருஷம் ஆல்பமெல்லாம் ஒட்டிப்போய் நாறி, குப்பைக்குப் போனது. அதற்கு முன்னமே லேகா நாகர்கோவில் ஸ்டுடியோவில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். அதுதான் மிச்சம். வேறெங்கும் இல்லை.


ஐப்பசி 4, செவ்வாய்

மழை இல்லை, மூடல் மட்டும். கால்முட்டுக்கு எண்ணெய். சாளை மீன் வாங்கினோம். வால்துண்டு எனக்கு.

கடைக்கு ஒரு வாத்தியார், பென்டிரைவோடு. உள்ளே இருக்கிற கடிதம் கிட்டவில்லையாம்.

"இதென்ன சாரே, போல்டருக்குள்ள போல்டர், அதுக்குள்ள இன்னொண்ணு. கெணத்துக்குள்ள கெணறு தோண்டின மாதிரில்லா இருக்கு."

"பிள்ளைங்க செஞ்சு தந்தது."

"பாருங்க. இந்த மஞ்சள் மேல வச்சு, இந்தக் கத்தரி, வெட்டியாச்சு. பெறவு மேல பாத்த அம்பு, ஒரு தட்டு. பெறவு இந்த அட்டை, ஒட்டியாச்சு. ஒரு படி மேல வந்தாச்சு. மனசிலாச்சா?"

வாத்தியாருக்கு மனசிலாகவில்லை. பக்கத்து ஸ்டூலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்கு ஆயிற்று. கத்தரி, அம்பு, அட்டை. இங்கிலீஷே வேண்டாம், எல்லாம் படம். போல்டர் என்று அவள் சொல்வது, பார்க்க ஒரு மஞ்சள் உறை.

நடுவில் கம்ப்யூட்டர் என்னவோ கேட்டது. லேகா சொன்னாள்: "ஒரே பேருல மேலயும் ஒண்ணு கெடக்கு, என்ன செய்யன்னு கேக்குது. மொத வரியத் தட்டினா அங்க இருந்தது போவும், நாம கொண்டு போனது நிக்கும். போனா போனதுதான் சாரே, குப்பைப் பெட்டியிலயும் கிட்டாது. பாத்துத் தட்டணும்."

பார்த்துக்கொண்டேன்.

அவர் போனபின் கேட்டேன், "எனக்க மவன் படம் எங்கட்டி கெடக்கு?"

காட்டினாள். "வீடு" என்று ஒரு உறை. அதைத் திறந்தால் முதலில் பொ.வின் மகன். அப்புறம் லேகாவின் அம்மை வீடு. அப்புறம் பேத்தி. கடைசியில் "பழையது". பழையதைத் திறந்தால் "அத்தை". அத்தை என்றால் நான், பொ. அவளுக்குச் சின்னத்தை. அதைத் திறந்தால் என் மகன்.

பழையதுக்குள் நான். எனக்குள் என் மகன். செத்தவன் மட்டும் மேலே, வாசலில், முதல் ஆளாக.

"சின்னத்தைக்குத் தெனமும் தொறக்கணும்லா, அதான் மேல போட்டேன். உங்களுக்கென்ன, மவன் உயிரோட இருக்காவ. ஞாயித்துக்கெழம போனுல பாக்கியளே."

உயிரோடு இருப்பது அவன் செய்த தப்பு.

கீரையில் புழு. எடுத்தும் போட்டேன், எடுக்காமலும் போட்டேன். எடுக்காதது பொ.வுக்கு.


ஐப்பசி 6, வியாழன்

வெயில். இரண்டு மூன்று நாளைக்குப் பிறகு துணி காய்ந்தது.

லேகா பாங்குக்குப் போனாள். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. போய் உட்கார்ந்தேன். மவுஸ் ஓட்டம் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிற்று.

வீடு. பழையது. அத்தை. என் மகன் உறை. கத்தரி. மேலே பார்த்த அம்பு. அட்டை.

வந்துவிட்டான். ஒரு படி. இப்போது பழையதில் நிற்கிறான். என் உறையைத் திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை, வெள்ளை.

இன்னும் ஒரு படி உண்டு. வாசலில் ஆட்டோச் சத்தம், எழுந்துவிட்டேன். லேகா வந்து, "என்னத்தே, முகம் தெளிஞ்சிருக்கு?" என்றாள். வெயிலில்லையா என்றேன்.

பேர் விஷயம் எழுதி வைக்கிறேன். மறந்துபோகும் என்றல்ல.

பொ. கன்னிப்பூ நெல்லறுப்பில் பெற்றாள். நான் அடுத்த அறுப்பில், கும்பப்பூவில் பெற்றேன். ஒரு அறுப்புதான் வித்தியாசம். மாமனார் பேர் மகன் வழிப் பேரனுக்கு, அதாவது என் பிள்ளைக்கு. ஊர் நடப்பு அது. இவள் காத்திருக்கவில்லை. இருபத்தெட்டு கெட்டுக்கு, பிறந்த இருபத்தெட்டாம் நாள், வயிறு தள்ளி நான் அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருக்கும்போது, தன் பிள்ளைக்கு அந்தப் பேரைப் போட்டுவிட்டாள். மாமனார் சிரித்துக்கொண்டு இருந்தார். என் வீட்டுக்காரர் தங்கை பிள்ளைக்கு அரைஞாண் கட்டினார். நான் பெற்றபின் என் பிள்ளைக்கும் அதே பேர்தான் போட்டேன். விடுவேனா. ஆனால் ஊர் அவள் பிள்ளையைப் பெரிய தா. என்றது, என் பிள்ளையைச் சின்ன தா. என்றது. சொந்த வீட்டில் சின்னவன்.

அந்தப் பேரை நான் சொல்வதில்லை. மாமனார் பேர் மருமகள் வாயில் வரக்கூடாது. எழுதுவதுமில்லை. தா. என்று நிறுத்திக்கொள்கிறேன். பெற்ற பிள்ளையை மக்கா, மக்கா என்றே கூப்பிட்டு வளர்த்தேன். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் பொ.தான். முற்றத்தில் நின்று "ஏலே தா." என்பாள், இரண்டும் ஓடிவரும். என் மகன் அவளை அத்தை என்பான், அவள் மகன் என்னை அத்தை என்பான். அவன் போட்ட பழைய சட்டை என் மகனுக்கு வரும்.

பெண் பார்த்து வைத்திருந்த சமயத்தில், பைக்கில் போய் அவள் மகன் செத்தான். நான் அழுதேனா. அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள்.


ஐப்பசி 7, வெள்ளி

காற்று. முருங்கை ஒரு கொப்பு முறிந்தது. பால் திரிந்தது.

மத்தியானம் லேகா கோயிலுக்கு. பொ. உறக்கம், குறட்டை முன்னறைக்குக் கேட்டது.

பழையது. என் மகன். கத்தரி. அம்பு. அட்டை.

கேட்டது. வாத்தியாருக்குக் கேட்டதையே கேட்டது. இரண்டு உறைக்கும் பேர் தா.தான். இங்கிலீஷில் மூன்று வரி. முதல் வரிக்கு முன்னால் ஒரு சரி அடையாளம், வாத்திச்சி நோட்டில் போடுகிறது போல. சரி என்று அதுவே சொல்லும்போது நான் என்ன யோசிக்க.

தட்டினேன்.

பச்சையாக ஒரு கோடு ஓடிற்று. அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரன் படங்களுக்குப் பேர் போட்டிருக்கவில்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். இரண்டு உறையிலும் அதே நம்பர். என் மகனின் ஒன்று அவன் ஒன்றின் மேல் ஏறிற்று, இரண்டு இரண்டின் மேல். என் மகன் படம் நிறைய, அவனுடையது கொஞ்சம். மிச்சமில்லாமல் மூடிற்று. திறந்து பார்த்தேன். வட்டக்கோட்டைச் சுவர் இல்லை. சைக்கிள் இல்லை. வேட்டி இல்லை.

இரண்டாம் தடவை போனான். இந்தத் தடவை நான் அழவேண்டியதில்லை.

கஞ்சி நன்றாக இறங்கிற்று. ஒரு பப்படம் கூடச் சுட்டேன்.

சாயங்காலம். நேரத்தோடு முன்னறையில் போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்துகொண்டேன். லேகா பொ.வைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உறையைத் திறந்தாள். முதல் படம், என் மகன், பள்ளிக்கூட யூனிபார்ம். லேகாவின் கை நின்றது. அடுத்தது திறந்தாள். அடுத்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் முட்டில் எண்ணெய் தேய்த்தேன்.

எங்கே என் பிள்ளை என்று பொ. கேட்பாள். லேகா என்ன சொல்வாள். இவள் வாய் எப்படிக் கோணும். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

பொ. முகத்தைத் திரையில் ஒட்டுகிறதுபோல் கொண்டுபோனாள். "இது ஏது படம்? நான் இதுவரை கண்டதில்லியே."

லேகா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அடுத்தது போடு பிள்ளே. கொள்ளாமே, நல்லாருக்கே. அடுத்தது."

கல்யாணப் படம் வந்தது. மாலையும் பட்டும்.

"எங்கம்மோ. எனக்க தா.வுக்குக் கல்யாணம் கழிஞ்சுதா? ஆரும் எங்கிட்ட சொல்லல்லியே." சிரிக்கிறாள். கிழடு, பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்கிறாள். "இந்தப் பெண்ணு ஆரு? நல்ல லட்சணமாட்டு இருக்கா."

"நான்தான் சின்னத்தே."

"நீயா? அப்போ நீ எனக்க மருமவளா பிள்ளே?"

லேகா திரையை விட்டுத் திரும்பினாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமா அத்தே. நான் உங்க மருமவதான்."

எண்ணெய் பாயில் கொட்டிற்று.


ஐப்பசி 8, சனி

மழை. மின்சாரம் வந்தும் போயும்.

காலையிலேயே லேகா: "அத்தே, அதுல கை வச்சியளா?"

"நான் அஞ்சாங்கிளாஸ். எனக்கு அதுல என்னத்தட்டி தெரியும்?"

"தெரியாத ஆளு பழையதுக்குள்ள இருந்து ரெண்டு படி ஏறி வராது."

கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் வைத்திருந்தேன். ஸ்டுடியோவுக்கு போன் போட்டாள், அவர்களிடம் பழையதொன்றும் இல்லை. மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தாள். தக்கலைக்காரி, கல்யாணத்தன்றுகூடக் கண்ணில் வெள்ளம் வராதவள். எவனோ செத்தவனுக்காக.

இப்போது கம்ப்யூட்டரைத் திறக்க ஒரு சொல் வேண்டும். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

கத்தரி, அம்பு, அட்டை. இனி எதற்கு.


ஐப்பசி 9, ஞாயிறு

மகன் சார்ஜாவிலிருந்து வீடியோவில். முதலில் லேகா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். காதில் விழுந்தது:

"...ஒண்ணும் மிச்சமில்ல... வேற ஆரு, உங்க அம்மதான்... இல்ல, சின்னத்தை அழல்ல, அதான் சொல்லுகேன், சிரிக்காவ... உங்களத்தான் மவன்னு நெனச்சிட்டு இருக்காவ... ரெண்டு நேரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவ..."

அப்புறம் போன் என் கைக்கு வந்தது. மழை உண்டா. முட்டு எப்படி. மருந்து தீர்ந்ததா. அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருபத்தெட்டு கெட்டிலிருந்து தொடங்கியிருப்பேன். "சரிம்மா, வைக்கட்டா" என்றான். சரி மக்கா என்றேன்.


ஐப்பசி 12, புதன்

வெயிலும் மழையும் மாறி மாறி. காய்ச்சல்காரர்களாகக் கடைக்கு வருகிறார்கள், எல்லாரும் தும்மல்.

பொ. எழுந்து உட்காருகிறாள். சீப்பு கேட்டாள். பவுடர் கேட்டாள். பால்காரியிடம் பேச்சு: "எனக்க மவன் சார்ஜாவில. பேத்தி காலேஜில. மருமவ தங்கம்." பால்காரி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிச் சிரித்துவிட்டு, "ஆமா ஆச்சி, நல்ல மவன்" என்றாள். ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறாள் லேகா.

மத்தியானம் பின்னறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காதுக்குள் சொன்னேன். நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் தவறாமல்.

"பொன்னம்மே, கேளு. உனக்க மவன் செத்துட்டான். பைக்கில போயிச் செத்தான். துணியில சுத்தித்தான் கொண்டாந்தாவ. மொகத்த உனக்குக் காட்டல்ல. நீ இந்தத் தூணுல தலைய இடிச்ச. அந்தப் படத்துல இருக்கது எனக்க மவன். நான் பெத்தது."

ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணில் அந்தப் பாதி வெளிச்சம். வரும், இப்போது வரும் என்று இருந்தேன்.

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினாள்.

"உனக்கு ஓர்மை கெட்டுப்போச்சு மைனி. வயசாச்சுல்லா. பிள்ள இல்லாத வெசனம் ஆளை இப்படித்தான் ஆக்கும். நீ அழாத. எனக்க மவன் உன்னையும் பாப்பான்."

நான் அழவில்லை. அவளுக்குக் கண் தெரியாது.

அங்கே இருந்தது போகும், கொண்டுபோனது நிற்கும். கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன்.


ஐப்பசி 14, வெள்ளி

சாரல். புளிக்குழம்பில் உப்புக் கூடுதல், நான் வைத்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பென்றால் பொ. சொல்வாள்.

லேகாவிடம் நானாகப் போய்ப் பேசினேன். "அதக் கீழ எறக்கு. பழையதுக்குள்ள, எனக்க உறைக்குள்ளயே கொண்டு போடு."

மவுஸை விட்டுக் கையை எடுக்காமல் சொன்னாள். "எறக்கினா சின்னத்தைக்குக் காட்ட என்ன இருக்கு? நீங்கதானே மேல கொண்டு வந்தது. அங்கயே இருக்கட்டு."

"எனக்க மவன்டி."

"ஆமா. அதுக்கு இப்போ என்ன?"

சாயங்காலம் பின்னறையில் இருந்துகொண்டேன். முன்னறையில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். பேத்தி பிறந்தபோது எடுத்த படம் போலிருக்கிறது. அந்தப் படத்தில் பிள்ளையை வைத்திருப்பது நான். "இந்தக் கெழவி ஆரு பிள்ளே?" என்று பொ. கேட்டாள். லேகா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.


ஐப்பசி 16, ஞாயிறு

காலையில் மூடல், பிறகு வெளிச்சம். ஏத்தன் வாழைக்காய் வறுத்தது. பொ.வுக்குத் தலைக்கு ஊற்றிப் புதுச் சேலை கட்டி விட்டாள் லேகா. ஏன் என்று கேட்டேன். "இண்ணைக்குப் போனுல பேசுவாவ" என்றாள்.

போனைக் கம்ப்யூட்டர் மேசையில் சாய்த்து வைத்தாள். நேர் முன்னால் சக்கர நாற்காலி. என் ஸ்டூலைச் சுவரோரம், அச்சு மிஷினுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டாள். "நீங்க இங்கின இரிங்க அத்தே. ஒண்ணும் சொல்லாதீங்க. அரைமணிக்கூறுதான்."

மணி அடித்தது. படம் வந்தது. மகன் மெலிந்திருக்கிறான், தாடி வைத்திருக்கிறான்.

"அம்மா," என்றான். "சொகமா இருக்கியளா?"

வாயைத் திறந்துவிட்டேன். பழக்கம். அதற்குள் பொ. சொன்னாள்.

"இருக்கேன் மக்கா. சாப்பிட்டியா மக்கா?"

மக்கா என்கிறாள். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னவளில்லை. பேரைத்தான் சொல்வாள். என் சொல் அது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டேன்மா. நீங்க மருந்து குடிக்கணும், கேட்டியளா?"

"நீ சொன்னா குடிக்கேன் மக்கா."

எழுந்தேன். அச்சு மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கூப்பிட்டால் யார் என்று அவனுக்குத் தெரியாதா. மக்கா என்றால் இரண்டு குரலில் ஒன்றாகிப் போகும். அதனால் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் வாயில் வராத அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"தாணுமாலயா."

சொல்லியாயிற்று. எழுதியும் ஆயிற்று.

பொ. தலையைத் திருப்பி, "ஆரு?" என்றாள். லேகா போனை எடுத்து என் பக்கம் காட்டினாள். வெளிச்சம் என் முகத்தில். அவன் என்னைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான், கண்ணுக்குக் கண்.

"அத்தையா?" என்றான். "அத்தே, சொகமா இருக்கியளா?"

சுகம் என்றேன்.